கர்ப்பப்பை வாய் கேன்சருக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா? அக்காவுக்கு அடுத்த வாரம் ரேடியேஷன் ஆரம்பிக்குது

மழைத்துளி:

எல்லாருக்கும் வணக்கம், இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க.

அக்காவுக்கு 41 வயசு. நாலஞ்சு மாசமாவே பீரியட்ஸ் இல்லாத நாள்லயும் லேசா ரத்தம் பட்டுட்டு இருந்திருக்கு, வேலை டென்ஷன்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டா. பயாப்ஸி எடுத்து பார்த்ததுல கர்ப்பப்பை வாய் கேன்சர், ஸ்டேஜ் 2பி, அதாவது கர்ப்பப்பை வாய தாண்டி பக்கத்து திசு வரைக்கும் பரவியிருக்கு. ஆபரேஷன் வேணாம், 25 நாள் ரேடியேஷன், கூடவே வாரத்துக்கு ஒரு கீமோ, கடைசியில உள்ள வச்சு குடுக்கற ரேடியேஷன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அது வரைக்கும் ஓரளவு தைரியமா தான் இருந்தா.

அப்புறம் சொந்தத்துல ஒருத்தங்க ஒரு வீடியோ அனுப்புனாங்க. குடல்ல கெட்ட பாக்டீரியா சேர்ந்துட்டா தான் கர்ப்பப்பை வாயில கேன்சர் வருதாம், குடலை சுத்தம் பண்ணிட்டா கட்டி தானா கரைஞ்சிடுமாம். அக்காவுக்கு சின்ன வயசுலேர்ந்து மலச்சிக்கல், அதோட அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் வந்து ஆன்டிபயாட்டிக் நிறைய எடுத்திருக்கா. வீடியோவ பார்த்துட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி "அப்போ நானே தான் இத வரவழைச்சுக்கிட்டேனா"ன்னு கேட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. குடலுக்கு நல்லதுன்னு சொல்ற உயிருள்ள பாக்டீரியா இருக்கற ப்ரோபயாட்டிக் கேப்சூல் ரெண்டு டப்பா ஏற்கனவே வாங்கியாச்சு, மேஜை மேல தான் இருக்கு, இன்னும் திறக்கல.

குடல் பாக்டீரியாவால தான் வந்துச்சா, இந்த கேப்சூல குடுக்கலாமா கூடாதா, இத தான் முக்கியமா கேக்கணும். எனக்கு 36, நானும் டெஸ்ட் எடுக்கணுமா? அக்கா பொண்ணுக்கு 12 வயசு, அவளை நினைச்சாலும் பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

லேப்கோட்:

சிஸ்டர், மத்ததெல்லாம் படிக்கறதுக்கு முன்னாடி இத முதல்ல அக்காகிட்ட போய் சொல்லிடுங்க. மலச்சிக்கலால இது வரல, ஆன்டிபயாட்டிக்காலயும் வரல.

நான் நுண்ணுயிரியல் படிச்சவன், லேப்ல தான் வேலை, ஆனா டாக்டர் இல்ல. கர்ப்பப்பை வாய் கேன்சர் கிட்டத்தட்ட எல்லாமே ஹெச்பிவிங்கற வைரஸால வர்றது. ஜெர்மனிய சேர்ந்த ஹரால்ட் சூர் ஹௌசன் 1983ல இந்த கட்டியில ஹெச்பிவி 16 இருக்குன்னு காட்டினார், அடுத்த வருஷம் 18ஐயும் கண்டுபிடிச்சார், அதுக்காக 2008ல நோபல் பரிசு குடுத்தாங்க. இந்த ரெண்டு டைப் மட்டுமே உலகத்துல 70 சதவீதம் கேஸுக்கு காரணம். வைரஸோட ஈ6, ஈ7னு ரெண்டு புரதம் இருக்கு, செல்லு தாறுமாறா பெருகாம தடுத்து நிறுத்தற நம்ம உடம்போட ரெண்டு காவல் புரதங்களை அது செயலிழக்க வச்சிடுது. வேலை நடக்கறது கர்ப்பப்பை வாய் செல்லுக்குள்ளயே, குடல்ல இல்ல.

அப்போ பாக்டீரியாவுக்கு வேலையே இல்லயான்னா, இருக்கு, ஆனா வேற மாதிரி. ஹெச்பிவி வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே அத விரட்டிடும். சிலருக்கு மட்டும் போகாம தங்கி, 15, 20 வருஷம் கழிச்சு கேன்சரா மாறுது. ஏன் சிலருக்கு மட்டும் தங்குதுங்கறது தான் கேள்வி, பாக்டீரியா ஆராய்ச்சி எல்லாம் இந்த இடத்துல தான் வருது.

அதுலயும் வலுவான ஆதாரம் இருக்கறது குடல் பாக்டீரியாவுக்கு இல்ல, யோனியில இருக்கற பாக்டீரியாவுக்கு. அங்க லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸ்னு ஒண்ணு நிறைய இருந்தா அது லாக்டிக் அமிலம் சுரந்து, அமிலத்தன்மைய காட்டற பிஹெச் அளவ 4.5க்கு கீழ வச்சிருக்கும், மத்த கிருமிங்க தலை தூக்க முடியாது. அது குறைஞ்சு கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா, ஸ்னீத்தியா மாதிரி பல வகை கலந்து பெருகிட்டா ஹெச்பிவி தங்கறதும் செல் மாற்றங்களும் அதிகமா காணப்படுது. வேடிக்கை என்னன்னா குடல்ல பல வகை இருந்தா நல்லதுங்கறோம், யோனியில ஒரே வகை ஆட்சி பண்ணா தான் நல்லது, இத தெரியாம தான் நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க.

குடலுக்கும் இதுக்கும் உள்ள தொடர்பு கொஞ்சம் சுத்தி வளைச்சு தான். ஆசனவாய் பக்கத்துலயே இருக்கறதால அங்கேர்ந்து பாக்டீரியா யோனிக்கு போகும். குடல் பாக்டீரியா நார்ச்சத்த நொதிக்க வச்சு உண்டாக்கற ப்யூட்டிரேட் மாதிரி சின்ன அமிலங்கள் உடம்பு முழுக்க வீக்கத்தையும் எதிர்ப்பு சக்தியையும் பாதிக்கும். கல்லீரல் கழிச்சு விட்ட ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனை குடல்ல சில பாக்டீரியா திரும்ப அவிழ்த்து விட்டுடும், அது மறுபடி ரத்தத்துல கலக்கும். இதெல்லாம் நிஜம் தான், ஆனா "அதனால தான் கேன்சர் வந்துச்சு"ன்னு சொல்ற அளவுக்கு யாரும் நிரூபிக்கல.

பாக்டீரியாவால கேன்சர் வரவே வராதுன்னு நான் சொல்லல. வயித்துல ஹெலிகோபேக்டர் பைலோரின்னு ஒண்ணு இருக்கு, வயிற்று கேன்சருக்கு அது ஒரு காரணம்னு 1994லயே உலக அளவுல ஏத்துக்கிட்டாச்சு, அத கண்டுபிடிச்ச மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல நோபல் கிடைச்சுது. அந்த மாதிரி ஒரு பாக்டீரியா கர்ப்பப்பை வாய் கேன்சர்ல கிடையாது. இங்க குற்றவாளி வைரஸ் தான்.

---

வேர்தேடி:

மன்னிக்கணும், லேப்கோட் சொல்றத முழுசா ஒத்துக்க முடியல. கேன்சர் வந்த பெண்களோட குடல் பாக்டீரியாவும் ஆரோக்கியமா இருக்கற பெண்களோடதும் வேற வேறயா இருக்குன்னு ஆராய்ச்சியே வந்திருக்கே, நானே படிச்சேன். அம்மாவுக்கு வேற ஒரு கேன்சர் வந்து நாங்க பட்ட பாடு எனக்கு தெரியும், அப்போ யாரும் குடலை பத்தி ஒரு வார்த்தை பேசல. வேர் எங்கயோ இருக்க இலைக்கு மட்டும் மருந்து போடறோமோன்னு தான் எனக்கு இப்பவும் தோணுது.

---

லேப்கோட்:

அம்மாவுக்கு நடந்தத கேட்டு வருத்தமா இருக்கு. நீங்க சொல்ற ஆராய்ச்சி 2019ல அமெரிக்காவுல வந்ததுன்னு நினைக்கறேன், கர்ப்பப்பை வாய் கேன்சர் இருக்கற 42 பேரையும் இல்லாத 46 பேரையும் ஒப்பிட்டாங்க. வித்தியாசம் இருந்துச்சு, நோயாளிங்ககிட்ட பிரிவோடெல்லா, போர்ஃபிரோமோனாஸ் எல்லாம் கூடுதல். அத மறுக்கல.

ஆனா அந்த சாம்பிள் எப்போ எடுத்தது? கேன்சர் வந்த பிறகு. அதுக்குள்ள அந்த பொண்ணு பல மாசம் ரத்தம் போயி சோர்ந்து, சாப்பாடு குறைஞ்சு, இன்ஃபெக்ஷனுக்கு ஆன்டிபயாட்டிக் எடுத்து, தூக்கம் கெட்டு போயிருப்பா. இதுல ஒவ்வொண்ணுமே குடல் பாக்டீரியாவ மாத்தும். தீ பிடிச்ச வீட்டுல சுவரெல்லாம் கரியா இருக்கேன்னு கரி தான் தீ வச்சுதுன்னு சொல்ல முடியாதுல்ல. கேன்சர் வர்றதுக்கு முன்னாடியே சாம்பிள் எடுத்து, வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்த்தா தான் எது முந்தி எது பிந்தின்னு தெரியும்.

குடல் நிஜமாவே முக்கியமாகற இடம் ஒண்ணு இருக்கு, அது சிகிச்சை. ஹூஸ்டன்ல இருக்கற எம்.டி. ஆண்டர்சன் மையத்துல இந்த கேன்சருக்கு கீமோவும் ரேடியேஷனும் எடுத்த 55 பேரோட குடல் பாக்டீரியாவ சிகிச்சைக்கு முன்னாடியும் நடுவுலயும் பார்த்து 2021ல வெளியிட்டாங்க. ஆரம்பத்துல குடல்ல பல வகை பாக்டீரியா இருந்தவங்க அதிக காலம் நல்லா இருந்தாங்க, அவங்க கட்டிக்குள்ள விழிப்பா வேலை செய்யற எதிர்ப்பு செல்லுங்களும் கூடுதலா வந்து சேர்ந்துச்சு. சின்ன ஆராய்ச்சி தான், ஆனா குடல் நல்லா இருந்தா ரேடியேஷனுக்கு உடம்பு கை குடுக்குமோங்கற நம்பிக்கைய அது குடுக்குது.

அதே இடத்துலேர்ந்து 2023ல வந்தது எனக்கு இன்னும் முக்கியமா பட்டுச்சு. லாக்டோபேசில்லஸ்னாலே நல்லதுன்னு நினைக்கறோம், டப்பாவுல அந்த பேர் தான் பெருசா போட்டிருக்கும். அதுல லாக்டோபேசில்லஸ் இனர்ஸ்னு ஒரு இனம் கட்டிக்குள்ளயே குடியிருந்தா, அது உண்டாக்கற லாக்டேட் கேன்சர் செல்லோட போக்கையே மாத்தி கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் தாக்குப்பிடிக்க வச்சிடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. கிறிஸ்பேட்டஸும் இனர்ஸும் ஒரே குடும்பம், பேர்ல பாதி ஒண்ணு தான், ஆனா குணம் வேற. அதனால நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியான்னு ரெண்டே பெட்டியில போட்டு பேசற வீடியோவ நம்பாதீங்க.

---

பகல்ஷிஃப்ட்:

நான் ரேடியேஷன் பிரிவுல நர்ஸா இருக்கேன். ஆராய்ச்சி எல்லாம் அவர் சொல்லிட்டார், நான் நடக்கறத சொல்றேன்.

சிஸ்டர், குடல் உங்களுக்கு முக்கியமாக போறது ரெண்டாவது மூணாவது வாரத்துல. ரேடியேஷன் கர்ப்பப்பை வாய்க்கு தான் குடுக்கறாங்கன்னாலும் பக்கத்துலயே சிறுகுடல், மலக்குடல், மூத்திரப்பை எல்லாம் இருக்கு, கொஞ்சம் அதுங்க மேலயும் படும். குடலோட உள் தோல் சீக்கிரம் சீக்கிரம் புதுப்பிக்கற தோல், அதனால அது தான் முதல்ல அடி வாங்கும், பேதி ஆரம்பிக்கும். குடல்ல இருக்கற பாக்டீரியா வகையும் அந்த அஞ்சு வாரத்துல குறையும், முடிஞ்ச பிறகு மெதுவா திரும்ப வரும்.

பேதிய நிறைய பேர் சொல்லவே மாட்டாங்க. வெக்கப்பட்டுட்டு, இல்ல "சைடு எஃபெக்ட் தானே, தாங்கிக்கறேன்"னு இருந்துட்டு, ஒரு நாள் எழுந்திரிக்க முடியாம ரேடியேஷனுக்கே வராம விட்டுடுவாங்க. அது தான் எனக்கு பயம். உள்ள வைக்கற ரேடியேஷனும் சேர்த்து மொத்த சிகிச்சையும் 8 வாரத்துக்குள்ள முடியணும், இழுத்துக்கிட்டே போனா கட்டி திரும்ப வர வாய்ப்பு கூடும். பேதியால நாலு நாள் போனா அந்த நாலு நாளை திரும்ப வாங்க முடியாது. முதல் தடவை தண்ணியா போன அன்னைக்கே சொல்லிடுங்க, மாத்திரை இருக்கு, தேவைன்னா டிரிப்ஸ் போடுவாங்க. ஒரு சின்ன நோட்டு வச்சு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போச்சு, எப்படி போச்சுன்னு எழுத சொல்லுங்க, நாங்க கேக்கும்போது "கொஞ்சம் தான்"னு சொல்றத விட அந்த நோட்டு ஆயிரம் மடங்கு உதவும். சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்து போகும்போது சிறுநீரகத்துக்கு தண்ணி வேணும், பேதியில தண்ணி வத்தினா அதுவும் கஷ்டம்.

இன்னொண்ணு, ஒவ்வொரு சிட்டிங்குக்கும் மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும்னு பல இடத்துல சொல்லுவாங்க. ஏன்னு யாரும் விளக்கறதில்ல. நிறைஞ்ச பை சிறுகுடல மேல தள்ளி கதிர் படற வழியிலேர்ந்து விலக்கி வைக்கும். தண்ணி குடிச்சுட்டு அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கற அந்த அரை மணி நேரம் கஷ்டம் தான், ஆனா குடல காப்பாத்த அக்காவே செய்யக்கூடிய பெரிய வேலை அது தான்னு சொல்லுங்க, பொறுத்துக்குவாங்க.

கேப்சூல் விஷயம். தாய்லாந்துல கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு ரேடியேஷன் எடுத்த 63 பேர்கிட்ட 2010ல ஒரு சோதனை வந்துச்சு, ஒரு குழுவுக்கு உயிருள்ள லாக்டோபேசில்லஸும் பிஃபிடோபாக்டீரியமும், இன்னொண்ணுக்கு வெறும் போலி மாத்திரை. நடுத்தரத்துலேர்ந்து கடுமையான பேதி வந்தது போலி மாத்திரை குழுவுல 45 சதவீதம் பேருக்கு, நிஜ மாத்திரை குழுவுல 9 சதவீதம் பேருக்கு. அதனால டாக்டர் கிட்ட கேக்க வேண்டிய விஷயம் தான், முட்டாள்தனம் இல்ல. ஆனா நீங்களா குடுத்துடாதீங்க. கீமோவால வெள்ளணு குறைஞ்சு போனா அந்த உயிருள்ள பாக்டீரியாவே ரத்தத்துல கலந்து காய்ச்சல் வர்றது அபூர்வமா நடக்கும். டப்பாவ கையோட எடுத்துட்டு போய் காட்டுங்க, எந்த இனம் எவ்வளவுன்னு அவங்க பார்க்கட்டும், ரத்த ரிப்போர்ட்ட பார்த்து சொல்லுவாங்க.

குடல் சுத்தம், எனிமா, பேதிக்கு குடிக்கறது, இது எதுவுமே இப்போ வேண்டவே வேண்டாம். கையெடுத்து கும்பிட்டு சொல்றேன்.

---

வேர்தேடி:

நர்ஸ் சிஸ்டர் சொன்ன 8 வாரம் விஷயம் எனக்கு தெரியாது. நான் சொன்னத வச்சு யாரும் சிகிச்சைய தள்ளி போட்டுடக்கூடாது, அந்த அர்த்தத்துல சொல்லல. நார்ச்சத்து நிறைய சாப்பிட்டா குடலுக்கு நல்லதுங்கறது மட்டுமாவது சரி தானே?

---

பகல்ஷிஃப்ட்:

பொதுவா ரொம்ப சரி. ஆனா பேதி போயிட்டு இருக்கற வாரங்கள்ல எவ்வளவு நார்ச்சத்து, எந்த மாதிரின்னு டயட்டீஷியன் ஆளுக்கு தகுந்த மாதிரி மாத்துவாங்க. அடியோட நிறுத்தவும் வேணாம், அள்ளி போடவும் வேணாம்.

---

ஏழுவருஷம்:

எனக்கு இதே தான், இதே ஸ்டேஜ், முடிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு. மழைத்துளி, அக்கா அந்த ராத்திரி கேட்ட கேள்விய நானும் கேட்டேன்.

ஒண்ணு சொல்றேன். குடலால வரல, வைரஸால வந்துச்சுன்னு தெரிஞ்சதும் ஒரு நாள் நிம்மதியா இருக்கும், அடுத்த நாள் வேற பயம் வரும். ஹெச்பிவி உடலுறவுல பரவறதுன்னு படிச்சதும் யார்கிட்டேர்ந்து வந்துச்சு, எப்போ வந்துச்சு, இவர் என்கிட்ட எதாவது மறைக்கறாரான்னு மனசு ஓடும். எங்க வீட்டுல அது பெரிய சண்டையா ஆச்சு, கீமோ போட்டுட்டு வந்து வாந்தி எடுத்துட்டு அழுதுட்டே சண்டை போட்டோம். அப்புறம் என் டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு சொன்னாங்க, உடலுறவு வாழ்க்கை இருக்கற கிட்டத்தட்ட எல்லாருக்குமே வாழ்க்கையில எப்பயாவது இது வந்து போகும், ஒரே ஒருத்தர் கூட வாழ்ந்தவங்களுக்கும் வரும், 20 வருஷம் சத்தமில்லாம இருந்துட்டு வெளிய வரும், எப்போ வந்துச்சுன்னு எந்த டெஸ்டாலயும் சொல்ல முடியாதுன்னு. அன்னைக்கு தான் என் வீட்டுக்காரர் என் கைய பிடிச்சார்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் இத முன்னாடியே யாராவது சொல்லிடணும், எனக்கு ரொம்ப லேட்டா சொன்னாங்க.

பேதி எனக்கு 12வது சிட்டிங்ல ஆரம்பிச்சு, முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சு தான் அடங்குச்சு. இப்பவும் சில நாள் வயிறு சரியா இருக்காது. ஆனா வேலைக்கு போறேன், பசங்கள கூட்டிட்டு ஊர் சுத்தறேன்.

---

லேப்கோட்:

உங்க டெஸ்ட் கேள்விய நாங்க எல்லாருமே விட்டுட்டோம், மன்னிச்சுக்கோங்க. ஆமா எடுங்க. அக்காவுக்கு வந்ததுக்காக இல்ல, உங்க வயசுக்காக. 30 வயசு ஆன எல்லா பெண்களும் ஹெச்பிவி டெஸ்ட் எடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல ஒண்ணும் இல்லன்னு வந்தா அஞ்சுலேர்ந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போதும். ஹெச்ஐவி இருக்கறவங்க 25லயே ஆரம்பிக்கணும், அவங்களுக்கு ரிஸ்க் ஆறு மடங்கு. சாம்பிள நீங்களே எடுத்து குடுக்கற வசதி கூட இருக்கு. பாசிட்டிவ்னு வந்தா கேன்சர்னு அர்த்தம் இல்ல, வைரஸ் இருக்கு, இன்னும் கிட்ட போய் பார்க்கணும்னு தான் அர்த்தம். இது வளர வருஷக்கணக்குல எடுத்துக்கற நோய், நடுவுல பிடிச்சுட்டா கேன்சராகவே விடாம அந்த இடத்த மட்டும் எடுத்துடலாம். 2022ல மட்டும் உலகத்துல கிட்டத்தட்ட 6,60,000 பேருக்கு புதுசா வந்துச்சு, 3,50,000 பேர் இறந்தாங்க. முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிஞ்ச ஒரு நோய்ல இத்தனை பேர் போறது தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

பாப்பாவுக்கு 12 வயசுன்னா தடுப்பூசிக்கு சரியான நேரம், 9லேர்ந்து 14 வரைக்கும் தான் அதுக்கு முதல் இடம். நாட்டுக்கு நாடு ஒரு டோஸா ரெண்டு டோஸான்னு மாறும், குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த ஊசி ஏற்கனவே வந்த வைரஸ விரட்டாது, வராம தான் தடுக்கும், அதனால தான் சின்ன வயசுலயே போடறது.

---

மழைத்துளி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அன்னைக்கே பிரிண்ட் எடுத்து அக்காகிட்ட குடுத்தேன். முதல் பதிலோட முதல் வரிய மட்டும் நாலஞ்சு தடவை படிச்சா, அப்புறம் தூங்கிட்டா, ரொம்ப நாள் கழிச்சு காலைல ஏழு மணி வரைக்கும் தூங்கினா.

மாமாகிட்ட ஏழுவருஷம் அக்கா எழுதினத நானே படிச்சு காட்டினேன். ஒண்ணும் பேசல, எழுந்து போயி அக்கா பக்கத்துல உக்காந்துக்கிட்டார்.

நேத்து முதல் சிட்டிங் முடிஞ்சுது. டப்பாவ காட்டினோம், டாக்டர் பின்னாடி இருக்கற சின்ன எழுத்தெல்லாம் படிச்சுட்டு, இப்போதைக்கு வேணாம், முதல் கீமோவுக்கு அப்புறம் வர்ற ரத்த ரிப்போர்ட்ட பார்த்துட்டு சொல்றேன்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க. தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருந்தப்போ அக்கா என் கைய இறுக்கமா பிடிச்சுட்டு "குடல் மேல போயிருக்குமா இப்போ"ன்னு கேட்டுட்டே இருந்தா. நோட்டு வாங்கியாச்சு, முதல் பக்கத்துல தேதி போட்டு "இன்னைக்கு ஒரு தடவை, நார்மல்"னு அவளே எழுதிட்டா.

என் டெஸ்ட் வியாழக்கிழமை. பாப்பாவோட ஊசிக்கு தானே கூட்டிட்டு போவேன், வேற யாரும் போகக்கூடாதுன்னு அக்கா சொல்லிட்டா, அதனால ரெண்டு சிட்டிங்குக்கு நடுவுல வர்ற சனிக்கிழமைக்கு கேட்டிருக்கோம்.